தலைவர் அடித்த தகரம்

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் இப்போது நலம். நீ நலமா என்று கேட்கப்போவதில்லை, உன் அறை ஜன்னல் திறக்கிறதா என்றுதான் கேட்பேன், காரணம் பின்னால் வருகிறது. இருபது வயதில் உன்னைப் பெற்றவனுக்கு முப்பத்தெட்டிலும் பொறுமை வரவில்லை, நம் குடியிருப்புச் சங்கத் தலைவர் இருக்கும்வரை வரப்போவதும் இல்லை. எல்லார் வீட்டுக் குளியலறை, சமையலறை ஜன்னலும் திறக்கிற, மொட்டைமாடிவரை போகும் அந்தக் காற்றுக்கூண்டின், அதாவது டக்டின், தலையில், புறா எச்சம் விழுகிறதென்று தகரத்தை அடித்து மூடிவிட்டார் அந்த மகான். வீட்டுச் சூட்டில் காற்று லேசாகி அந்த வழியாகத்தான் மேலே ஏறும், அது ஏறினால்தான் தெரு ஜன்னலில் புதுக்காற்று நுழையும். போக வழியில்லாத வீட்டுக்குக் காற்று ஏன் வரவேண்டும், அது என்ன சம்பந்தி வீட்டாரா, வந்து சட்டமாக உட்கார்ந்துகொள்ள? எதிரே எழும்பிய புது மாடிக்கட்டடம் தெருக்காற்றை ஏற்கெனவே பாதியாக்கிவிட்டது, மிச்சமிருந்த வழிக்கும் தகரம். அம்மாவுக்கு இளைப்பு திரும்பிவிட்டது, அடுப்படியில் நின்றாலே விசில் சத்தம், இன்ஹேலர் கையைவிட்டு இறங்கவில்லை.

நம் வீட்டில் நடந்த சங்கக் கூட்டத்தில் டிஷ்யூ பேப்பரைக் கீற்றாகக் கிழித்து ஜன்னலில் ஒட்டிக் காட்டினேன், துளியும் ஆடாமல் செத்த பல்லிவால் மாதிரி தொங்கியது. காத்து வரலேன்னா ஃபேனைப் போட்டுக்க வேண்டியதுதானே தம்பி என்றார் தலைவர், கூட்டமே சிரித்தது. ஃபேன் காற்றைப் பிறப்பிக்காது சார், இருக்கிற அழுக்குக் காற்றைத்தான் சுற்றியடிக்கும் என்றேன். படிச்ச திமிர் என்றார் பொருளாளர். அறிவாளிகள் சபை. அப்புறம்தான் கூத்து. சிகரெட்டை விட்டுவிட்டதாகப் பெண்டாட்டி தலையில் அடித்துச் சத்தியம் செய்த நம் தலைவர், தினமும் குளியலறையில் நின்று டக்டுக்குள் ஊதிக்கொண்டிருந்திருக்கிறார். திறந்திருந்தவரை புகை வானத்துக்குப் போனது, தகரம் வந்தபின் நேராக அவர் வீட்டுச் சமையலறைக்கே திரும்பியது. அந்த அம்மா கரண்டியோடு குளியலறைக் கதவைத் தட்டிய சத்தம் நாலு மாடிக்கும் கேட்டது. மறுநாள் தலைவரே ஏணி வைத்து ஏறித் தகரத்தைக் கழற்றினார், கேட்டால் வெளிச்சம் வரலையாம். இப்போது புறா வலை கட்டியிருக்கிறது, முதல் நாளே நான் சொன்னதும் அதைத்தான். அம்மா நேற்று படியேறி வந்து, மூச்சு வாங்காமல் என்னைத் திட்டினாள். காதுக்கு இனிமையாக இருந்தது.

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். பின் ஜன்னலை அடைத்துப் பீரோவை நிறுத்திவிட்டு, புழுக்கமா இருக்குப்பா, பெரிய ஃபேன் வாங்கட்டுமா என்கிறாய். தலைவருக்குப் பிறந்திருக்க வேண்டியவள். உனக்கும் அம்மாவின் நெஞ்சுதான், மறக்காதே. இன்றைக்கே பீரோவை நகர்த்து, ஜன்னலில் ஒரு டிஷ்யூ கீற்றை ஒட்டு, அது ஆடுவதைப் படமெடுத்து அனுப்பு. மூச்சு முட்டாமல் நீடூழி வாழ்க என்று அம்மாவும் நானும் வாழ்த்துகிறோம். அந்தக் கீற்று ஆடாதவரை, நலம் என்று நீ எத்தனை தரம் எழுதினாலும் நம்பமாட்டேன்.

இப்படிக்கு,
திமிர் பிடித்த உன் அப்பா