தண்ணீரில் நனைந்த இருவாச்சி

மல்லேஸ்வரம்
பெங்களூர், 3 ஜூன் 2024

அன்புள்ள பெர்னதெத்,

முட்டிவலி தேவலையா? இங்கேயிருந்து லிங்கராஜபுரம் என்ன தூரம், ஒரு நடை வந்தால் என்ன என்று திட்டுவாய். நேரில் வந்தால் உன் ஆல்பத்துக்குப் பறவை ஸ்டாம்பு எப்படி வரும்? ஒரே ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்துகொண்டே தபால் போட்டுக்கொண்டவர்கள் நாம்.

இத்துடன் ஒரு கவர் வைத்திருக்கிறேன். இருவாச்சிப் பறவை ஸ்டாம்பு. என் மகள் வீணா போட்டது. சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு போனவள், மூன்று வருஷம் கழித்து ஒரே வரி எழுதியிருக்கிறாள்: 'அம்மா, நான் வரலாமா?' ஆத்திரத்தில் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். கவரைக் கிழிக்கக் கை வரவில்லை. வீட்டில் வைத்தால் இவர் கண்ணில் பட்டு ரகளையாகும். நீ வைத்துக்கொள். ஸ்டாம்பைப் பிரிக்காதே, கவரோடு இருக்கட்டும்.

உன்
சரளா

லிங்கராஜபுரம்
11 ஜூன்

அன்புள்ள சரளா,

இருவாச்சி வந்து சேர்ந்தது. என்ன மூக்கு! ஆல்பத்தில் மரங்கொத்திக்குப் பக்கத்தில் இடம் கொடுத்துவிட்டேன். முட்டிவலி அப்படியேதான்.

ஏண்டி, வரலாமா என்று கேட்கிற பிள்ளைக்குப் பதில் போடாமல் இருக்க நீ என்ன கலெக்டரா? வீட்டுக்காரரை நான் வந்து சமாளிக்கிறேன். எழுது.

பெர்னதெத்

மல்லேஸ்வரம்
1 ஜூலை

அன்புள்ள பெர்னி,

நீ திட்டியதற்கு இரண்டு வாரம் உர்ரென்று இருந்தேன். நேற்றுச் சாப்பாட்டு நேரத்தில் இவரிடம் சொல்லியே விட்டேன். மோர் சாதம் வரைக்கும் சாப்பிட்டு முடித்தார். கை கழுவிவிட்டு வந்து, "எங்க இருக்காளாம்?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

விலாசம் அந்தக் கவரின் பின்பக்கம் இருக்கிறது. நான் சரியாகப் படிக்கக்கூட இல்லை. அவளுடைய பழைய போன் நம்பர் இப்போது இல்லை. கவரை உடனே அனுப்பு.

சரளா

லிங்கராஜபுரம்
4 ஜூலை

சரளா,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஸ்டாம்பு தானாக உரிந்து வர, வழக்கம்போல அந்த வாரத்துக் கவர்களோடு அதையும் தண்ணீரில் ஊறப் போட்டுவிட்டேன். நீ பிரிக்காதே என்று எழுதியிருந்தாய். படித்தேன். நாற்பது வருஷப் பழக்கம், கை செய்துவிட்டது. ஜெல் பேனா எழுத்து, தண்ணீரோடு போய்விட்டது. போன தடவை எழுதும்போதே எனக்குத் தெரியும். சொல்ல வாய் வராமல் மூக்கைப் பற்றி எழுதினேன்.

ஸ்டாம்பை அனுப்புகிறேன். தபால் முத்திரை கரையவில்லை. 'சக்லேஷ்' வரை படிக்க முடிகிறது. சக்லேஷ்பூராகத்தான் இருக்கும். அங்கே தபால் ஆபீஸில் போய்க் கேள். பறவை ஸ்டாம்புதான் வேண்டும் என்று கேட்டு ஒட்டுகிறவர்கள் இந்தக் காலத்தில் எத்தனை பேர்? நானும் கூட வருகிறேன். என்னை மன்னித்துவிடு.

பெர்னதெத்

மல்லேஸ்வரம்
19 ஜூலை

பெர்னதெத்,

நேற்று நானும் இவரும் சக்லேஷ்பூர் போய் வந்தோம். தபால் ஆபீஸ் கவுண்டரில் இருந்த அம்மாவிடம் ஸ்டாம்பைக் காட்டிக் கேட்டேன். "எந்தப் பறவை இருக்குன்னு எல்லா ஷீட்டையும் எடுத்துக் காட்டச் சொல்லுவாளே, அந்தப் பொண்ணா?" என்றாள் கன்னடத்தில். பெங்களூரிலிருந்து தனக்கு ஏதாவது வந்திருக்கிறதா என்று ஜூன் முழுக்க வாரம் தவறாமல் வீணா வந்து கேட்டிருக்கிறாள். பத்தாம் தேதி வீட்டைக் காலி செய்துவிட்டார்கள். எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

உன் கடிதம் ஆறாம் தேதியே வந்துவிட்டது. உன்மேல் இருந்த கோபத்தில் ஸ்டாம்பைப் பார்க்காமல் ஒரு வாரம் உட்கார்ந்திருந்தேன். அந்த வாரத்தில்தான் அவள் போயிருக்கிறாள். நீ தண்ணீரில் போட்டாய், நான் கிழித்துப் போட்டேன். யாரை மன்னிப்பது?

'வா' என்று எழுதி, என்னிடமிருந்த மீன்கொத்தி ஸ்டாம்பை ஒட்டி, ஒரு கவரை அந்த அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். வீணா எப்போதாவது வந்தால் அந்த அம்மா கொடுப்பாள்.

கொஞ்ச நாள் எனக்கு எழுதாதே பெர்னி. தபால்காரர் மணி அடித்தால் நானும் இவரும் சேர்ந்து வாசலுக்கு ஓடுகிறோம். பறவை ஒட்டிய கவரில் உன் கையெழுத்தைப் பார்த்தால் என்னால் தாங்க முடியாது.

சரளா