கால்கள் சொன்ன சாட்சி

மார்ச் 4
இன்று ஆஸ்பத்திரியே குலுங்கியது. பூகம்பம் இல்லை, என் அக்கா மகள் விழுந்தாள். நர்ஸ் வேலை, இன்னும் நிரந்தரமாகவில்லை. பழைய கட்டடத்திலிருந்து புதியதற்குப் போகும் வாசலில், கையில் மருந்துத் தட்டோடு. பறந்த மாத்திரைகளில் பாதி இன்னும் வானத்தில்தான் சுற்றிக்கொண்டிருக்கும். மணிக்கட்டு முறிவு. வீல்சேர் தள்ளுவதில் சக்கரவர்த்தியான நானே எக்ஸ்ரேக்குத் தள்ளிப்போனேன். "மாமா, ஊர்வலம் வேணாம், மெதுவாப் போங்க" என்று அழுகையோடு சிரித்தாள்.

மார்ச் 6
கவனக்குறைவாம்! நிர்வாக அதிகாரி எழுதிவிட்டார். அது அப்படியே நின்றால் அவள் வேலை போச்சு. அக்கா பார்த்த பார்வையில் பொசுங்கிச் சாம்பலானேன். "அங்கதானே குப்பை கொட்டுற, ஒரு வார்த்தை பேசக் கூடாதா?"
பேசலாம். என்னத்தைப் பேச? அங்கே வேறு யாரும் விழுந்ததில்லையே.

மார்ச் 7
விஞ்ஞானிகளே, ஓரமாக நில்லுங்கள்! காலையில் ஒரு பெரியவரைத் தள்ளிக்கொண்டு அதே வாசலைக் கடந்தேன். என் கைகள் தாமாகவே பிடியை அழுத்தி முன்சக்கரத்தைத் தூக்கின. நான் சொல்லவே இல்லை. குனிந்து பார்த்தால், புதிய தரை விரல் தடிமன் உயரம். இரண்டும் ஒரே நிறம், கண்ணுக்குத் தெரியாது. அப்புறம் சுவரோரம் நின்று வேடிக்கை பார்த்தேன். டாக்டர், சமையல்காரர், துப்புரவு அம்மா — எல்லாரும் அங்கே வந்ததும் கொக்கு மாதிரி காலைத் தூக்குகிறார்கள். தூக்குவது அவர்களுக்கே தெரியவில்லை. இந்தப் பக்கம் புதிதாக வந்தவள் இவள் ஒருத்திதான்.

மார்ச் 9
அதிகாரியைக் கெஞ்சி அழைத்து வந்தேன். "தினம் இதுல போறேன் வர்றேன், ஒரு மேடும் இல்லய்யா" என்றபடியே கடந்தார் — காலைத் தூக்கி!
"சார், இப்ப எதுக்குக் காலத் தூக்கினீங்க?"
நின்றார். யாருடைய காலோ என்பதுபோலத் தன் காலையே பார்த்தார். பின்னால் போய் மறுபடி நடந்தார். மறுபடியும் கால் தானே எழும்பியது. துப்புரவு அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. உட்கார்ந்து தரையை விரலால் தடவினார்.
"அந்தப் பொண்ணு எப்படிய்யா இருக்கு?"

மார்ச் 20
'கவனக்குறைவு' காலமானது. தரையையும் உடைக்கிறார்கள். அந்த இடிச்சத்தம் எனக்குத் தாலாட்டு.

மே 2
கட்டுப் பிரித்து இன்று வேலைக்கு வந்தாள். வாசலுக்கு முன்னால் நின்றுவிட்டாள். தரை மட்டமாகிவிட்டது, தெரியும். ஆனாலும் கால் எழவில்லை. உலகம் கேட்டிராத உரை ஒன்று தயாராக வைத்திருந்தேன். வாயைத் திறப்பதற்குள் வார்டில் யாரோ மணியடித்தார்கள்.
ஓடினாள். கீழே பார்க்கவே இல்லை.
நான்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.