கன்றுக்குப் பதினாறு ரூபாய்

ஆழ்வார்திருநகரி,
22.1.2025

அன்புள்ள கொழுந்தன் பேச்சிராஜாவுக்கு,

மதினி சண்முகத்தாய் எழுதுவது. நீங்களும் முத்துமாரியும் பிள்ளைகளும் நலமாகத்தான் இருப்பீர்கள். என் நலத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனவர்களுக்கு என்ன குறை?

உங்களோடு இனிப் பேசமாட்டேன் என்றுதான் சொன்னேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. உங்கள் அண்ணனின் பதினாறாம் நாள் நான் தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தபோது, ஷெட் சாவியை என் மடியிலிருந்து எடுத்தீர்கள். "மதினி இனிமே வீட்டோட இருக்கட்டும், பொம்பளைக்கு எதுக்கு காண்ட்ராக்டு" என்று சொந்தக்காரர்கள் முன்னால் சொன்னீர்கள். மறுவாரமே போர்டில் 'நல்லக்கண்ணு தோட்டப் பராமரிப்பு' போய் உங்கள் பெயர் வந்துவிட்டது. பன்னிரண்டு வருடம் அவரோடு வெயிலில் நின்று மரக்கன்று வளர்த்தவள் நான். "ஏலே ராஜா" என்று உங்களைக் கூப்பிட்ட வாய் இது. இனி 'நீங்கள்'தான். மரியாதை கூடிவிட்டது, வேறொன்றுமில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஆறுமுகநேரி ரோட்டில் அந்தப் புதுச் சரக்குக் கிட்டங்கியைச் சுற்றி உங்கள் அண்ணன் கடைசியாக நட்டுவிட்டுப் போன இரண்டாயிரம் கன்றுக்கும் களை எடுக்க விலை கேட்டிருக்கிறார்கள். மூன்று வருட வேலை. அந்த வேலையை நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். நானும் கேட்கிறேன். கிட்டங்கி மானேஜர் கிருபாநிதி சாரிடம் நான் கொடுத்திருக்கும் விலையை உங்களிடமும் மறைக்கவில்லை: ஒரு சுற்றுக்கு, கன்றுக்குப் பதினாறு ரூபாய்.

ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். ஏக்கர் கணக்கில் விலை போடாதீர்கள். அங்கே குளத்து மண் அடித்திருக்கிறார்கள், மண்ணோடு கோரைப் புல்லும் வந்திருக்கிறது. ஒவ்வொரு கன்றைச் சுற்றியும் ஆள் உட்கார்ந்து கிழங்கோடு தோண்டி எடுத்து, மறுபடி முளைக்காமல் ஓலை பரப்ப வேண்டும். ஏக்கர் விலை மெஷினுக்கும் களைக்கொல்லி மருந்துக்கும் கட்டும், கைக்களைக்குக் கட்டாது.

உங்களை நான் மன்னிக்கவில்லை. அதையும் எழுதிவிடுவது நல்லது.

உங்கள் மதினி,
சண்முகத்தாய்

*

தூத்துக்குடி,
6.2.2025

மதிப்பிற்குரிய மதினி அவர்களுக்கு,

கொழுந்தன் பேச்சிராஜா வணக்கம். போன் எடுக்கமாட்டேன் என்கிறீர்கள், அதனால் நானும் பேனா பிடிக்க வேண்டியதாயிற்று. பத்தாம் வகுப்புக்குப் பிறகு நான் எழுதுகிற முதல் கடிதம் இதுதான்.

வேலை எனக்குக் கிடைத்துவிட்டது. ஏக்கர் கணக்கில்தான் போட்டேன். மொத்தமாகப் பார்த்தால் உங்கள் விலையில் பாதிகூட வராது. கன்று கன்றாக எண்ணி விலை போட்டதைப் பார்த்து மானேஜர் சார், "இது என்ன, வளைகாப்புக்கு வளையல் அடுக்குற மாதிரி இருக்கு" என்று சிரித்தார். உங்கள் மனம் புண்படக் கூடாது என்று நான் சிரிக்கவில்லை.

சாவி விஷயத்தை இன்னும் மனதில் வைத்திருக்கிறீர்கள். குடும்பத்துக்கு ஓர் ஆண் வேண்டும் என்றுதான் எடுத்தேன். மாதம் ஒரு மூட்டை அரிசி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் நிம்மதியாக இருங்கள்.

பேச்சிராஜா

*

ஆழ்வார்திருநகரி,
10.6.2025

கொழுந்தனுக்கு,

அரிசி மூட்டைகள் வந்தன. வந்த லோடு ஆட்டோவிலேயே திருப்பி அனுப்பினேன். அடுத்த மாதம் அனுப்பினால் கோயில் வாசலில் இறக்கிவிடச் சொல்வேன், புண்ணியமாவது உங்களுக்குச் சேரட்டும்.

நம்மிடம் முன்பு களை எடுத்த கிருபை வந்திருந்தாள். "அண்ணாச்சி மெஷினை விட்டு உழுதாவ, இப்பம் கோரை மெத்தை விரிச்ச மாதிரி கெடக்கு" என்றாள். உழுதால் கிழங்கு துண்டு துண்டாகி ஒன்று பத்தாகும் என்று உங்கள் அண்ணன் தலைபாடாகச் சொல்லியிருக்கிறாரே.

அடுத்து மருந்துக்குப் போவீர்கள். உங்கள் விலைக்கு வேறு வழி இல்லை. ஆனால் அடிக்காதீர்கள். மேற்கேயிருந்து கச்சான் காற்று எழுந்துவிட்டது. கோரையில் அடிக்கிற மருந்து கன்றின் இலையில்தான் போய் விழும். தண்டு இன்னும் பச்சை, அதுவும் குடித்துவிடும். கைக்களைக்கு ஆளை இறக்குங்கள். நட்டம் வரும், கன்று பிழைக்கும்.

சண்முகத்தாய்

*

தூத்துக்குடி,
16.6.2025

மதினிக்கு,

இன்றைக்கு முழுவதும் மருந்து அடித்து முடித்தாகிவிட்டது. நான்கு ஸ்பிரேயர், எட்டு ஆள். காற்று இருந்தது, ஒன்றும் ஆகவில்லை. வீட்டில் உட்கார்ந்துகொண்டு வேலை சொல்வது எளிது. இனிமேல் இதைப் பற்றி எனக்கு எழுத வேண்டாம்.

பேச்சிராஜா

*

தூத்துக்குடி,
28.7.2025

அன்பும் மரியாதையும் உள்ள மதினி அவர்களுக்கு,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. முதலில் கொழுந்து சுருண்டது. பிறகு இலை மஞ்சளானது. பாதிக் கன்றுக்கு மேல் போய்விட்டது. கோரை மட்டும் மறுபடி பச்சையாகத் தலை தூக்குகிறது. செத்ததற்கெல்லாம் புதுக் கன்று வைத்துக் கொடு, இல்லையென்றால் வேலையை விட்டுப் போ என்று கிருபாநிதி சார் சொல்லிவிட்டார். லோடு ஆட்டோவை விற்கப் போகிறேன்.

மதினி, நம் குடும்ப மானம் ஊரில் சிரிக்க வேண்டாம். ஒரு யோசனை. ஒப்பந்தம் என் பெயரிலேயே இருக்கட்டும். வேலையை நீங்கள் நடத்துங்கள். லாபத்தில் பாதிப் பாதி. அண்ணன் இருந்தால் என்னைக் கைவிடுவாரா?

உங்கள் தம்பி மாதிரி,
பேச்சிராஜா

*

ஆழ்வார்திருநகரி,
5.8.2025

கொழுந்தனுக்கு,

உங்கள் அண்ணன் உங்களைக் கைவிடமாட்டார். நான் அவர் இல்லை.

என் கடிதங்களில் ஒரு பொய் இருந்தால் காட்டுங்கள். ஏக்கர் கணக்கு வேண்டாம் என்றேன், போட்டீர்கள். மருந்து வேண்டாம் என்றேன், அடித்தீர்கள். நான் ஒன்றைச் சொன்னால் அதற்கு நேர்மாறாகத்தான் செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். அதற்காகத்தான் எழுதினேன். உங்களைக் கவிழ்க்க நான் குழி தோண்டவில்லை, நிஜத்தைச் சொன்னேன், அது போதுமாக இருந்தது.

போன வாரம் அங்கே போய்ப் பார்த்தேன். அவர் கையால் நட்டவை, கருகி நிற்கின்றன. வரிசைக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். கிருபாநிதி சாரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவை பிழைத்திருக்கும். சொல்லவில்லை. உங்கள் மேல் இருந்த ஆத்திரம் அந்தக் கன்றுகளைவிடப் பெரிதாக இருந்தது. அதை நான் உங்கள் அண்ணனிடம்தான் சொல்லி அழ வேண்டும், உங்களிடம் இல்லை. உங்களை நினைத்தால் பாவமாக இருக்கும் என்று காத்திருந்து பார்த்தேன். இல்லை.

உங்கள் பாதிப் பாதி எனக்கு வேண்டாம். ஒப்பந்தம் நேற்று என் பெயருக்கு மாறிவிட்டது. அதே விலைதான், ஒரு ரூபாய் ஏற்றவில்லை. சார் இந்தத் தடவை சிரிக்கவில்லை.

முத்துமாரி இங்கே வந்திருந்தாள். "அக்கா, நான் வேலைக்கு வாரேன்" என்றாள். "ஏளா, ஒன் மாப்பிள்ளை விடுவானா?" என்று கேட்டேன். "அவுகளைக் கேட்டுக்கிட்டா வந்தேன்?" என்றாள். அவளைக் கங்காணியாகப் போட்டிருக்கிறேன். ஆட்களை வரிசை பிரித்து நிறுத்துவதும், எடுத்த களையைப் பார்த்துச் சரி சொல்வதும், சாயங்காலம் கூலி கொடுப்பதும் அவள் பொறுப்பு. கெட்டிக்காரி, இத்தனை நாள் வீட்டுக்குள் வைத்து வீணாக்கிவிட்டீர்கள்.

கைக்களைக்கு இன்னும் ஆள் குறைகிறது. உங்களுக்கும் இப்போது வேலை இல்லை. கிருபைக்குக் கொடுக்கிற கூலியே உங்களுக்கும் உண்டு, குறைக்கமாட்டேன். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு வந்தால், உங்களுக்கு எந்த வரிசை என்று முத்துமாரி சொல்வாள்.

இப்படிக்கு,
சண்முகத்தாய்
ஒப்பந்ததாரர்