நொச்சியன் அவிழ்க்காத பச்சைக் கயிறு

வழி விளங்குக. வழி நடப்போர் ஊர் சேர்க. சேரும் ஊரில் அவர்களுக்காக விளக்கேற்றி வைத்திருப்போர் நீடு வாழ்க.

கீழ்க்கடல் உப்பளம் முதல் நெடுங்கணவாய் வரை பெருவழி புரக்கும் கொன்றைவள நாட்டில், விண்ணடைந்த திருவேங்கைக்கோ மன்னரின் தேவியாரும், அவர் முத்திரையையும் அவர் சுமையையும் இன்று தனியே தாங்கி நிற்பவருமாகிய அரசி நறுங்கோதை, நெடுங்கணவாய்க் காப்புச்சாவடியின் அதிபதி ஆதன் மழவராயருக்கு விடுக்கும் ஓலை. உமது மலைக்கு மழை தவறாதிருக்கட்டும். உமது சாவடி விளக்கு காற்றில் அணையாதிருக்கட்டும். உமது மனைமக்கள் நலமே வாழட்டும்.

உப்பு வண்டிக்காரன் நொச்சியன் வழக்கில் நீர் எழுதிய தீர்ப்போலை வந்து சேர்ந்தது. நமது அமைச்சர் கட்டவிழ்த்துப் படிக்கக் கேட்டோம். நீளமான ஓலை, குற்றமில்லாத எழுத்து. காப்புச்சாவடியின் வருவாயைப் பற்றி ஏடு ஏடாக எழுதியிருந்தீர். நொச்சியனின் கால் அதில் ஒரே ஒரு வரியில் வந்து போயிற்று. நாமும் ஓலை எழுதுகிறவர்கள்தாம் என்பதால், ஒரு வரிக்குள் எவ்வளவு வலியை அடக்கிவிட முடியும் என்பதை அறிவோம்.

சட்டம் உமக்குத் தெரியாததன்று. ஆயினும் அது பிறந்த கதை உமக்குத் தெரியாது போலும், ஆதலால் சொல்கிறோம். பெருவழியில் ஓடும் வண்டி எதுவாயினும், அது பிறருக்குச் செய்யும் தீங்கை ஈடு செய்யும் பொருட்டு, பிறர்காப்புக் கட்டணம் செலுத்தி நுகத்தடியின் வலப்புறத்தில் செங்கயிறு கட்டியாக வேண்டும். அதில் எவருக்கும் விலக்கில்லை. இடப்புறத்தில் கட்டும் பச்சைக் கயிறோ தன்காப்பு. மோதியவன் செங்கயிறு இல்லாதவனாகவோ, முகம் தெரியாமல் ஓடியவனாகவோ இருந்தால், அடிபட்டவனுக்கு ஈடு தருவது அதுவே. அது அவனவன் விருப்பம்.

விருப்பம் என்று விட்டபோது மன்னர் அதில் ஒரு நுணுக்கம் வைத்தார். பச்சைக் கயிற்றைச் சாவடியாரே எல்லா வண்டிக்கும் முதலில் கட்டிவிட வேண்டும். வேண்டாதவன் தன் கையால், சாவடியார் காண, அவிழ்த்துத் தர வேண்டும். அவன் கை அவிழ்க்காதவரை காப்பு நிற்கும். இது ஏன் என்று நாம் கேட்ட நாள் நினைவிருக்கிறது. ஆளற்ற வழியில் அடிபட்டுக் கிடப்பவனுக்கு அரசே உறவு, அந்த உறவை அவனாக வேண்டாமென்று சொன்னாலொழிய நாம் விலகிக்கொள்ளலாகாது என்று மன்னர் சொன்னார். பிறகு நமக்கு வெற்றிலை மடித்துத் தந்தார்.

இனி நிகழ்ந்ததைச் சொல்கிறோம். பனி இறங்கிய காலையில் உப்பு வண்டிகள் கூட்டமாகச் செல்லும் சாத்து ஒன்று உமது சாவடியைக் கடந்தது. மலைச்சரிவில், செங்கயிறு இல்லாத வண்டி ஒன்று கட்டுக்கடங்காமல் இறங்கிவந்து, கடைசி வண்டியாகச் சென்ற நொச்சியனை மோதிற்று. அவனது எருதுகளில் ஒன்று அங்கேயே மாண்டது. அவன் வலக்கால் சக்கரத்தடியில் நசுங்கிற்று. மோதியவன் பனிக்குள் ஓடி மறைந்தான். பின்னர் தன்காப்பு கேட்டு வந்த நொச்சியனை, அவன் நுகத்தடியில் பச்சைக் கயிறு இல்லை, அதற்குரிய கட்டணமும் அவன் செலுத்தவில்லை, முந்தைய ஆண்டுகளிலும் அவன் அதை மறுத்தே வந்திருக்கிறான் என்று காரணம் காட்டித் திருப்பி அனுப்பினீர். அடிபட்ட பிறகு எல்லாரும் கயிறு கேட்பார்கள் என்றும் எழுதியிருந்தீர்.

அவன் பிறர் வண்டியில் படுத்தபடி நமது வாயிலுக்கு வந்தான். அவையில் வைத்து நாமே விசாரித்தோம். வழக்காடுவோர் சொல்லை அவர் வாயிலிருந்து வந்தபடியே எழுத வேண்டும் என்பது முறையாதலால், அவன் மொழியை மாற்றாமல் இங்கே தருகிறோம்:

“நான் எதையும் அவுக்கல தாயி. அவுக்கக்கூடாத ஆளு நான். என் மாட்டையே வேற ஆளுதான் அவுத்து விடுது.”

அவையோர் சிரித்தார்கள். கால் போனதில் அறிவும் கலங்கிவிட்டது என்று ஒருவர் மற்றவரிடம் சொன்னது நமது செவியிலும் விழுந்தது. நாம் சிரிக்கவில்லை. நாம் கீழ்க்கடல் உப்பளத்து மகள் என்பதை இந்த அரண்மனை மறந்து நெடுங்காலமாயிற்று.

மழவராயரே, உப்பளத்தாரிடம் ஒரு வழக்கம் உண்டு. துணையை இழந்தவர் எந்த முடிச்சையும் அவிழ்க்க மாட்டார். கட்டலாம், அவிழ்க்கலாகாது. அவிழக்கூடாதது ஒன்று அவிழ்ந்துவிட்டது, இனி தம் கையால் இன்னொன்று வேண்டாம் என்பது கருத்து. உறவினர் ஒருவர் ஒரு கயிற்றில் முடிச்சிட்டுத் தருவார். அதை அவிழ்த்த பிறகே துக்கம் கழியும். நொச்சியனின் மனைவி வேம்பி சென்ற மழைக்காலத்துக்கு முன்பே மாண்டாள். அவனுக்குப் பிள்ளையில்லை, உடன்பிறந்தாரில்லை, அவள் வழியிலும் எவருமில்லை. முடிச்சிட்டுத் தர ஆளில்லாமல் அவன் துக்கம் கழியாமலே நீண்டுகொண்டிருந்தது. வண்டி பூட்டுவான், இறங்கும் இடத்தில் பூட்டாங்கயிற்றை அவிழ்த்துவிட யாரையாவது எதிர்பார்த்து நிற்பான்.

சாத்தின் தலைவன் மாறங்காரியை அழைத்துக் கேட்டோம். நல்ல மனிதன், மறைக்கத் தெரியாதவன். அவன் சொன்னது இது:

“உப்பு வண்டிக்காரங்க யாரும் பச்சக் கயிறு வச்சுக்கிறதில்லீங்க. எல்லாரும் அவுத்தாங்க. இவன் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருந்தான். பாவம், அவனால அவுக்க முடியாதேன்னு நானே அவுத்துக் குடுத்துட்டேன்.”

நாள்தோறும் அவனுக்காக எருதை அவிழ்த்த கை, அன்று அவனுக்கு இருந்த காப்பையும் அவிழ்த்தது. மாறங்காரி அன்பாகவே செய்தான். உமது சாவடியாரோ, அது யார் கை என்று பாராமல் வாங்கிக் கூடையில் போட்டார்கள். கயிறு இல்லாத வண்டியிடம் கட்டணம் கேட்பானேன் என்று கேட்காமலும் விட்டார்கள்.

முந்தைய ஆண்டுகளில் மறுத்தவன் இந்த ஆண்டும் மறுத்திருப்பான் என்ற உமது வாதத்தையும் அவன் முன் வைத்தோம். அதற்கு அவன் தலை நிமிராமல் சொன்ன விடை:

“அப்பல்லாம் வேம்பி இருந்தா. எனக்கு ஒண்ணுன்னா அவ பாத்துக்குவான்னு வேணாம்னுருவேன். இப்ப யாரு இருக்கா? இந்தத் தரம் வச்சுக்கலாம்னுதான் காசு முடிஞ்சு எடுத்தாந்தேன். பனியில கயித்தக் கவனிக்கல, காசு கேப்பாங்கன்னு இருந்தேன், யாரும் கேக்கல.”

அவன் மேல்துண்டின் முனையைக் காட்டினான். வீட்டை விட்டுக் கிளம்பும்போது போட்ட முடிச்சு. அவிழ்க்க ஆளில்லாததால் மலையேறி, அடிபட்டு, உமது சாவடியில் வாதாடி, தலைநகர் வந்தும் அவிழாமலே இருந்தது. கணக்கரை அவிழ்க்கச் சொன்னோம். பச்சைக் கயிற்றின் கட்டணம் மட்டும் இருந்தது, கூடவுமில்லை குறையவுமில்லை. அவையில் பிறகு எவரும் சிரிக்கவில்லை.

ஆதலால் நாம் முடிவு செய்து விதிப்பதாவது: நொச்சியனின் கை அவிழ்க்காத கயிறு அவிழாத கயிறே; அவன் தன்காப்பு நிற்கிறது. துண்டில் இருந்த கட்டணத்தை இந்த ஓலையோடு அனுப்புகிறோம், முதலில் அதை வரவு வைத்துக்கொள்ளும். மாண்ட எருதுக்கு ஈடாக நல்ல எருதும், காலுக்கு மருத்துவமும், அவன் மீண்டும் வண்டி ஏறும் வரை உணவும் உறைவிடமும் சாவடிப் பொருளிலிருந்தே தருக. ஒருவர் காப்பை மறுக்க இன்னொருவர் கை இனி எக்காலத்தும் செல்லாது, தலைவனாயினும் தமையனாயினும். மாறங்காரியைத் தண்டிக்கலாகாது. உமக்கும் தண்டனையில்லை, ஆனால் வண்டிகள் வரும் பருவத்தில் நீரே நுகத்தடியருகில் நின்று, ஒவ்வொருவரையும் முகம் பார்த்துக் கேட்டு, அவரவர் கையிலிருந்து கயிற்றை வாங்குவீராக. முகம் பார்த்தால் நீளமான தீர்ப்போலை எழுத வேண்டியிராது.

சட்டம் சொல்ல வேண்டியது இவ்வளவே. மேற்கொண்டு எழுதுவது சட்டமன்று, ஆயினும் அதே ஓலையில் எழுதுகிறோம்.

மன்னர் போன நாள் முதல் நமக்கு வரும் ஓலைகளை அமைச்சரே கட்டவிழ்க்கிறார். அரசிக்குச் செருக்கு என்று சிலரும், சோர்வு என்று சிலரும் பேசிக்கொள்கிறார்கள். நமது தந்தையும் தமையன்மாரும் இல்லை. மன்னரின் சுற்றத்தாருக்கு இந்த வழக்கம் தெரியாது. தெரியாதவரிடம் எனக்கொரு முடிச்சிட்டுத் தாருங்கள் என்று அரசி எப்படிக் கேட்பாள்? இவ்வளவு பேர் வணங்கி எழும் மண்டபத்தில் நமக்கு ஆளில்லை. அதை அன்று, கால் நசுங்கி நமது முன் கிடந்தவன் பேசியபோதுதான் நாமே உணர்ந்தோம்.

இந்த ஓலையைச் சுற்றியிருப்பது பச்சைக் கயிறு. முடிச்சு நமது கையால் இட்டது. உமக்கென எழுதியதன் படி ஒன்று கட்டில்லாமல் தனியே வருகிறது, அதைப் படித்துக்கொள்ளும்; இதை அவிழ்க்க வேண்டாம். நாம் திருப்பி அனுப்ப, உமது மருத்துவச்சாலைக்கு வந்து கிடக்கும் நொச்சியனிடம் நீரே எடுத்துச்செல்லும். ஆளற்றவனுக்கு அரசே உறவு என்று சட்டம் சொல்கிறது. ஆகவே உறவாக நின்று நாம் இட்ட முடிச்சு இது என்று சொல்லி, அவன் கையில் கொடும். அவன் அவிழ்க்கட்டும். அவன் துக்கம் கழியட்டும். பிறகு ஓலையை அவன் கேட்க உரக்கப் படியும்.

வேங்கை முத்திரை இட்டோம். மேற்கண்டவை யாவும் நமது ஆணை. மலை உள்ளளவும் வழி உள்ளளவும் நிற்க.

ஒன்று மட்டும் ஆணையன்று, வேண்டுகோள். நொச்சியனுக்கு மனமிருந்தால், அவிழ்த்த அதே கயிற்றில் அவன் கையால் ஒரு முடிச்சிட்டு, அதை நமக்குத் திருப்பி அனுப்பச் சொல்லும்.