துடைக்கக்கூடாத கண்ணாடி

அன்புள்ள அக்காவுக்கு,

நடுராத்திரியில் உட்கார்ந்து எழுதுகிறேன், மன்னித்துக்கொள். போனில் சொன்னால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். உன் முழங்கால் வலி தேவலையா? அத்தான் சௌக்கியமா?

நேற்றுக் காலை போனில் பேசும்போது பாப்பா உன்னை "அம்மா" என்று கூப்பிட்டாள். "அடியே, நான் பெரியம்மா. உங்கம்மா போன்ல இருக்கா" என்று நீ திருத்தினாய். "அது போன் அம்மா" என்றாள். நீ சிரித்தாய், நானும் சிரித்துவைத்தேன்.

அதே நினைப்பில் கேமரா ரிப்பேர் கடைக்கு வேலைக்குப் போய் ஒரு கூத்து பண்ணிவிட்டேன். தூரம் அளந்து ஃபோகஸ் வைக்கும் பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவுக்குள் நகத்தளவு கண்ணாடி ஒன்று இருக்கும். அதன் வெள்ளிப்பூச்சு இருந்தால்தான் ஃபோகஸ் பார்க்க முடியும். தூசியை ஊதித்தான் எடுக்க வேண்டும், தொடவே கூடாது. எத்தனையோ கேமரா பார்த்த நான் பஞ்சால் துடைத்துவிட்டேன். பூச்சு மொத்தமும் பஞ்சோடு வந்துவிட்டது. "என்னம்மா, பாத்திரமா தேய்க்கிறே?" என்றார் முதலாளி.

அதே மாடலில் இன்னொன்று தேடிப் பிடித்துக் கண்ணாடியை மாற்றும்வரை எனக்கு லீவு கிடையாதாம். அந்த மாடல் தயாரிப்பு நின்றுபோய் ஐம்பது வருஷம் ஆகிறது. பாப்பாவைப் பள்ளியில் சேர்க்கும் நாளுக்கு நான் வரமாட்டேன் அக்கா. இனிமேல் அவளைத் திருத்தாதே.

அவள் பாதத்தைக் காகிதத்தில் வைத்துச் சுற்றிக் கோடு போட்டு அனுப்பு. ஷூ வாங்கலாமென்றால் அளவு எனக்குத் தெரியவில்லை. சீக்கிரம் பதில் போடு.

உன் தங்கை