ஓரம் மட்டும் நான் தைத்த துணி

பேத்தியின் பள்ளிக்கூடச் சட்டை என் மடியில் கிடக்கிறது. நேற்றோடு அவளுக்குப் பிளஸ் டூ பரீட்சை முடிந்தது. காலையில் வெள்ளையாகப் போன சட்டை சாயங்காலம் நீலமும் பச்சையும் சிவப்புமாகத் திரும்பி வந்தது. முதுகு, கை, காலர் மடிப்பு, பொத்தான் பட்டி எல்லா இடத்திலும் கூடப் படித்தவர்களின் கையெழுத்து. போதாததற்கு ஒருவர் மேல் ஒருவர் மையை வேறு உதறிக்கொண்டார்களாம். முகத்தருகே கொண்டுபோனேன். மை வாசம் குப்பென்று ஏறியது. அந்த வாசத்தோடு நீ வந்துவிட்டாய்.

"ஆச்சி, இத அலக்கிடாதே, கேட்டல்லோ?" என்றாள் பேத்தி. கரமனையிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை, பாதித் தமிழும் பாதி மலையாளமும்தான் வாயில் வரும்.

"அழுக்குச் சட்டைய அலக்காம பூசையா பண்ணப்போற?"

"அழுக்கில்ல ஆச்சி, ஓர்மை, ஞாபகம். என்டெ கிளாஸ் முழுக்க இதுல உண்டு. தோ, தோள் பக்கம் கொஞ்சம் இடம் விட்டிருக்கேன் பாரு. அது ஆச்சிக்கு. பேரெழுதி ஒரு ஒப்பு போடு."

"நான் என்ன உங்கூடப் படிச்சவளாட்டி?"

"வெயிட்டு போடாதே ஆச்சி, பிகு பண்ணாம எழுது" என்று பேனாவை என் கையில் திணித்துவிட்டுக் குளிக்கப் போனாள். அந்தப் பேனாவில்தான் இதை எழுதுகிறேன். சட்டையில் இன்னும் எழுதவில்லை.

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. வாசிக்க நீ இல்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன் என்று நினைப்பாய். நினைத்துக்கொள்.

கரமனைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை நீயும் நானும் ஒரே பெஞ்சு. நீ அக்ரஹாரத்து வீட்டுப் பெண். நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து ஹோட்டலில் மாவாட்டிக்கொண்டிருந்தவர் மகள். பெஞ்சில் அது தெரியவில்லை. டீச்சர் சொல்லச் சொல்ல எழுதும்போது உன் கண் என் நோட்டில்தான் இருக்கும். "கைய எடேண்டி, மறைக்கறது" என்று முழங்கையால் இடிப்பாய். நானும் எடுப்பேன். எனக்குப் பத்துக்குப் பத்து. உனக்கும் பத்துக்குப் பத்து.

ஐந்து முடிந்ததும் நீங்கள் எல்லோரும் ஹைஸ்கூலுக்குப் போனீர்கள். எங்கள் வீட்டில் அப்போதுதான் தம்பி பிறந்திருந்தான். அம்மாவுக்கு இடுப்பு விட்டுப்போய்த் துணி துவைக்க முடியவில்லை. அம்மா வேலை செய்தது உங்கள் வீட்டில். "பொம்மனாட்டிக் கொழந்தைக்கு அஞ்சாம் கிளாஸ் போறுமே, அவளையும் அழைச்சுண்டு வா" என்று உன் அம்மா சொன்னார். அதைச் சொன்ன வாரத்தில்தான் உனக்குப் புதுப் பாவாடையும் ஜியாமெட்ரி பெட்டியும் வாங்கினார்கள். அதனால் திங்கட்கிழமை நீ முன்வாசல் வழியாகப் பள்ளிக்கூடம் போனாய், நான் கொல்லைவாசல் வழியாக உங்கள் வீட்டுக்குள் வந்தேன்.

"இனிமே அவளப் பேரு சொல்லிக் கூப்பிடாதட்டி. சின்னம்மான்னு கூப்பிடு" என்றாள் என் அம்மா. என் வாய்க்கு அது வரவில்லை. பெயர் சொல்லவும் கூடாது. ஐந்து வருஷம் உன்னை எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே ஓட்டினேன். நீ கவனித்தாயோ இல்லையோ. இந்த மடலிலும் உன் பெயர் இருக்காது.

ஐந்து வருஷமும் உன் பள்ளிக்கூடத் துணியைக் கரமனை ஆற்றுப் படியில் நான்தான் துவைத்தேன். துவைத்துக் கொண்டுவந்ததை உன் அம்மா வாளித் தண்ணீரில் ஒரு முறை முக்கி எடுத்த பிறகே கொடியில் போடுவார். என் கை பட்டதைக் கழுவுகிறார் என்று எனக்குப் புரிய ஒரு வருஷம் ஆனது. மைக்கறைக்கு எலுமிச்சையும் உப்பும் தேய்க்க வேண்டும், வெயில் சூடு ஏறிய பிறகு தேய்க்க வேண்டும் என்று கற்றுக்கொண்டேன். உன் பாவாடையில் எந்தப் பரீட்சையில் எந்த இடத்தில் மை கொட்டினாய் என்று இன்று கேட்டாலும் சொல்வேன்.

பத்தாம் வகுப்புத் தையல் பரீட்சைக்கு ஒரு வெள்ளை மேசைத் துணி. உனக்கு ஊசி பிடிக்க வராது. கிணற்றடியில் என் பக்கத்தில் வந்து குந்திக்கொண்டு, "அம்மாட்ட சொல்லிடாதேடி" என்று கொடுத்தாய். நாலு பக்கமும் ஓரம் மடித்து நான் தைத்தேன். நடுவில் உன் பெயரைச் சிவப்பு நூலில் சங்கிலித் தையல் போட்டேன். வாயால் சொல்லக் கூடாத பெயரை விரலால் எழுதினேன். தையல் டீச்சர் அதைத் தூக்கிப் பிடித்து வகுப்புக்கே காட்டினாள் என்று நீயே வந்து சொன்னாய். சிரித்துக்கொண்டே சொன்னாய்.

அதே துணியில் கடைசி நாளன்று கூடப் படித்தவர்களிடம் பெயர் எழுதி வாங்குவது அந்த வருஷத்துப் பெண்கள் எல்லோரும் செய்தது. முந்தின நாள் என்னிடம் வந்தாய்.

"நாளைக்கு எல்லார்ட்டயும் மையால பேர் எழுதி வாங்கிண்டு வரேன். லீவுல ஒவ்வொரு பேருக்கும் ஒரு கலர்ல நூல் ஓட்டித் தந்துடறயாடி?"

"சரி" என்றேன். "நீயும் ஒண்ணு எழுதேண்டி" என்று அடுத்த சொல் வரும் என்று, பாத்திரம் தேய்க்கிற கையை நிறுத்திவிட்டு நின்றேன். நீ உள்ளே போய்விட்டாய்.

மறுநாள் அழுது வீங்கிய கண்ணோடு வந்தாய். தாவணியெல்லாம் மை. தேநீரும் பிஸ்கட்டும் தந்தார்களாம், ஒருத்தி பாட்டுப் பாடினாளாம், எல்லோரும் கட்டிக்கொண்டு அழுதீர்களாம். உன் அம்மாவிடம் சொல்லிச் சொல்லி மறுபடி அழுதாய். "இனிமே எப்போ பாக்கப்போறோம்மா?" நான் அம்மியில் அரைத்துக்கொண்டே கேட்டேன். அந்தப் பெண்களில் ஆறு பேரை ஐந்து வருஷம் முன்பே நான் பிரிந்துவிட்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு யாரும் பிரிவு விழா வைப்பதில்லை. ஒரு திங்கட்கிழமை அவள் வரவில்லை, அவ்வளவுதான். டீச்சர் இரண்டு நாள் பெயரைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அடித்துவிடுவாள்.

மறுநாள் உன் அம்மா தாவணியை அழுக்குக் கூடையில் போட்டபோது, உள்ளே மடித்திருந்த மேசைத் துணியும் சேர்ந்து வந்துவிட்டது. ஆற்றுப் படியில் பிரித்ததும் பார்த்தேன். உன் சிவப்புப் பெயரைச் சுற்றி முப்பத்தொரு பெயர்கள், சிலது தமிழில், மற்றது மலையாளத்தில்; அதுவும் அந்த ஐந்து வகுப்பில் நான் படித்ததுதான். உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசித்தேன். பகவதி இருந்தாள். மீனாட்சி இருந்தாள். பென்சில் பிடிக்கத் தெரியாமல் என்னிடம் கையைக் கொடுத்து எழுதக் கற்ற சரோஜா, சுழி போட்டு ஒரு கையெழுத்து போட்டிருந்தாள். மூன்று தடவை வாசித்தேன். பிறகு எலுமிச்சையை அறுத்தேன்.

தெரியாமல் செய்தேன் என்று உனக்கு இப்போதும் சொல்ல மாட்டேன். தெரிந்துதான் செய்தேன். 

கொல்லையில் உன் அம்மா துணியை உதறினார். "இதென்னடி இது? பேரெல்லாம் எங்கே?" நீ ஓடிவந்தாய். வெள்ளைத் துணியில் நான் தைத்த ஓரமும், நான் தைத்த உன் பெயரும் மட்டும் மிச்சம். நூல் போகவில்லை பார்.

"வேணும்னே பண்ணியிருக்கா. நாளையிலேர்ந்து ரெண்டு பேரும் வரவேண்டாம்" என்றார் உன் அம்மா.

என் அம்மா என் கையைக் கிள்ளினாள். "ஏட்டி, வாயத் தொறந்து சொல்லுட்டி. தெரியாமச் செஞ்சேன்னு சொல்லுட்டி." நான் சொல்லவில்லை. அப்போதுதான் நீ பேசினாய்.

"அவளை ஒண்ணும் சொல்லாதேம்மா. அவளுக்கு வாசிக்கத் தெரியாதாக்கும். மைக்கறைன்னு நெனச்சுண்டு அலசியிருப்பா."

"அஞ்சு வரைக்கும் உன்கூட இருந்தவதானேடி?"

"அதெல்லாம் எப்பவோ மறந்துபோயாச்சு அவளுக்கு."

உன் அம்மா என் பக்கம் திரும்பினார். "அப்படியாடி?"

என் அம்மா முந்திக்கொண்டாள். "ஆமாம்மா, சுத்தமா மறந்துட்டா. எழுத்தே தெரியாது. சொல்லுட்டி." வீட்டில் தம்பிக்கு ஐந்து வயதாகியிருந்தது, ஆனாலும் இன்னும் நடை வராத பிள்ளை போல அம்மா எப்போதும் அவனைத்தான் நினைப்பாள். நான் தரையைப் பார்த்தேன். "ஆமா, எனக்கு வாசிக்கத் தெரியாது" என்றேன்.

வேலை போகவில்லை. நீ என்னைப் பார்க்கவே இல்லை. துணியின் ஓரத்தில் ஒரு விரலை ஓட்டிக்கொண்டே உள்ளே போனாய்.

என்னைக் காப்பாற்றச் சொன்னாயா? நான் வாயைத் திறந்தால் தையலை வேலைக்காரி செய்தாள் என்று தெரிந்துவிடும் என்று உன்னைக் காப்பாற்றிக்கொண்டாயா? இல்லை, எங்கே குத்தினால் வலிக்கும் என்று தெரிந்து குத்தினாயா? ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவளுக்கு அது தெரியும். ஐம்பது வருஷத்துக்கு மேல் இந்த மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு நீ காலேஜுக்குப் போனாய், கல்யாணம் ஆனது, பெரிய வேலையில் இருந்தாய். எனக்கும் கல்யாணம், பிள்ளைகள். எந்த ஆபீசிலும் கைநாட்டு வைக்கச் சொல்லி மை டப்பாவை என் பக்கம் நகர்த்தினால் திருப்பி நகர்த்திவிட்டுப் பேனா கேட்பேன். பலசரக்கு கட்டி வந்த காகிதத்தைக்கூட வாசிக்காமல் எறிந்ததில்லை. "அம்மாவுக்கு எழுத்துன்னா வெறி" என்று என் மகன் கேலி செய்வான். அவனுக்குக் காரணம் தெரியாது.

ஒரே ஒரு தடவை நீ எனக்கு ஒரு வாசல் திறந்தாய். நாலைந்து வருஷம் முன்பு, தபால் ஆபீசில். நான் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் யாரோ வந்து நின்றது தெரிந்து நிமிர்ந்தால், நீ. நரைத்திருந்தாய், மெலிந்திருந்தாய். என் கையைப் பார்த்துக்கொண்டே, "கையெழுத்து மாறவே இல்லையேடி, அப்படியே இருக்கே" என்றாய். பெஞ்சில் இருந்த குரல்.

எனக்கு என்ன வந்ததோ. "எனக்குத்தான் எழுதத் தெரியாதே" என்றேன்.

உன் உதடு ஏதோ சொல்லப் போய் நின்றது. தலையைக் குனிந்துகொண்டு படி இறங்கிப் போனாய். கூப்பிட்டிருக்கலாம். என்ன சொல்லிக் கூப்பிட? அந்தப் பழக்கம்தான் விட்டுப்போயிருந்ததே. நீ சொல்ல வந்தது மூன்றில் எது என்று அன்று தெரிந்திருக்கும். அதைத் தெரியாமல் ஆக்கிக்கொண்டது நான்தான். அந்தக் கசப்பில் பாதி என்னுடையது. மீதியை உன்னிடமே வைத்துக்கொள்.

உன் பதின்மூன்றாம் நாளுக்கு வந்தேன். இந்த முறை முன்வாசல் வழியாக. உன் படத்துக்குக் கீழே அந்தத் துணி விரித்திருந்தது. பழுப்பேறியிருந்தது, ஓரம் பிரியவில்லை. நடுவில் சிவப்பு நூலில் உன் பெயர். கிட்டே போய் அந்த ஓரத்தைத் தடவினேன். உன் மகள் ஓடிவந்தாள்.

"மாமி, அது அம்மா பத்தாங்கிளாஸ்ல தானே தைச்சதாக்கும். வேற எதையும் இவ்வளவு பத்திரமா வெச்சுண்டதில்லை."

"நல்ல தையல்" என்றேன்.  அப்படி அவளிடம் நீ சொல்லி வைத்தாயா, அவளாக நினைத்துக்கொண்டாளா என்று கேட்கவில்லை. சாப்பிடச் சொன்னாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று வந்துவிட்டேன்.

பேத்தி குளித்துவிட்டு வருகிற சத்தம் கேட்கிறது. அவள் விட்டிருக்கும் இடம் உள்ளங்கை அளவு இருக்கும். எழுதிவிடுவேன். முழுப் பெயர், இனிஷியலோடு. அவள் மனசுக்காக. ஆனால் எனக்கு இடம் விட்டிருக்க வேண்டியவள் அவள் இல்லை.

ஒன்று மட்டும் உனக்குத் தெரியாமல் போய்விட்டது. அன்று படியில் மூன்று தடவை வாசித்தேன் என்றேனே. வாய்ப்பாடு மாதிரி மனதில் ஏறிவிட்டது. மேல் மூலையில் பகவதி, அடுத்து ஓமனா, அடுத்து லீலா, அதற்குக் கீழே சாய்வாக ராஜம்மா, பக்கத்தில் சரோஜாவின் சுழி. அடுப்படியில் நிற்கும்போதும் பஸ்ஸில் போகும்போதும் ஒரு சுற்று சொல்லிப் பார்த்துக்கொள்வேன். ஒரு பெயர்கூட இடம் மாறியதில்லை. நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முப்பத்தொன்றையும் அதே இடத்தில் திரும்ப எழுதி, நூலும் ஓட்டித் தந்திருப்பேன். நீ அழுது பிரிந்த வகுப்பு முழுவதும், எழுத்துத் தெரியாதவளிடம்தான் இருக்கிறது.