நேராக இழுத்த கட்டைவிரல்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நாகலாபுரத்தில் மழை விழுந்ததா, உளுந்து முளைத்துவிட்டதா? நான் இங்கே புனேயில் நலம்.

ஒரு சின்ன விஷயம். போனில் சொன்னால் அழுவாய், அதனால் எழுதுகிறேன். போன மாதம் பந்து பிடிக்கும்போது வலது கட்டைவிரல் பின்பக்கமாகப் பிசகிவிட்டது. ஊருக்கே சுளுக்கு எடுப்பவளின் மகன் என்ற தைரியத்தில், அறையில் கூட இருக்கும் இசக்கிபாண்டியிடம் கையை நீட்டினேன்.

“எங்கம்மா இழுக்குத மாதிரி நேரா இழுலே.”

“நான் என்னலே ஒங்கம்மாவா? கத்தாம இரு.”

இரண்டு முறை இழுத்தான். விரல் இன்னும் இறுகியது. மூட்டின் அடிச்சவ்வு எலும்புகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டது, இழுத்தால் இன்னும் இறுகும் என்றார் மருத்துவர். தோலைத் திறந்து சவ்வை விலக்கியதும் எலும்பு உட்கார்ந்துவிட்டது. பேனா பிடிக்க முடியுமா என்று கேட்டேன். கட்டுப் பிரித்தால்தான் தெரியும் என்றார்.

உன் கையைக் குறை சொல்லவில்லை, அம்மா. கட்டைவிரல் பிசகி, உள்ளங்கைப் பக்கம் தோல் குழிந்து யாராவது வந்தால் மட்டும் இழுக்காதே. கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடு.

நீ நொச்சி போட்டுக் காய்ச்சும் எண்ணெய் ஒரு பாட்டில் அனுப்பு. தேய்க்க மாட்டேன். மூடியைத் திறந்து வைத்தால் அறையில் நீ இருக்கிற மாதிரி இருக்கும்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. நேற்றுக் கட்டுப் பிரித்தார்கள். எழுத்து கோணலாக இருந்தாலும் இந்தக் கடிதம் வலது கையால் எழுதியது.

உன் மகன்,
முத்துசெல்வம்